மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது

கீழக்குயில்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி டிவியில் உன் பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போட்டிருந்தார்கள். உன் அம்மா போன் போட்டுச் சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 2025 ஜனவரியில் ஒன்றியக் கவுன்சிலர் காலம் முடிந்தபோது, அடுத்த முறையும் நிற்பேன் என்றுதானே சொன்னாய்? இப்போது மாட்டேன் என்கிறாயாம். உன் இஷ்டம்தான், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் பதவி இல்லாத பேச்சு எடுபடுமா என்றுதான் கவலை. நீ அடிக்கடி சொல்வாயே பழ. கருப்பையா, அவரையே எடுத்துக்கொள். 2011இல் துறைமுகம் தொகுதியில் ஜெயித்தவர். 2016 ஜனவரியில் துக்ளக் ஆண்டு விழாவில், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே ஊழலைப் பற்றிப் பேசினார். கட்சி நீக்கியது, பதவியையும் உதறிவிட்டார். அன்றைக்கு நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பும் எழுதியவர்தானே, பேசியவர்தானே? பதவியில் இருந்து பேசினார், பேச்சுக்குப் பதவியையே விலையாகக் கொடுத்தார். கனம் அதில் இருந்தது. பிறகு தி.மு.க., 2021இல் தியாகராய நகரில் மக்கள் நீதி மய்யத்துக்காக நின்று தோல்வி, அப்புறம் சொந்தக் கட்சி. தமிழ் அதே தமிழ்தான், துணிச்சலும் குறையவில்லை. ஆனால் 2016இல் விழுந்த அடி மாதிரி மறுபடி ஒன்று விழவில்லை.

நம் கண்மாய் மடைக் கதை உனக்குத் தெரியாததா? உன் தாத்தா மனு கொடுத்தாரே ஒரு பெரிய மனிதரிடம், அவர் விவசாயி கண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நானும் எழுந்து நின்று கை தட்டினேன். மடைக்கு ஷட்டர் வரவில்லை. அந்தப் போகம் முழுக்கச் சாவியாகப் போனது. அந்தக் கை தட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நீ கவுன்சிலராகி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித்தானே அது சரியானது? மந்தையில் உன் விவாதத்தை யாரும் பேசுவதில்லை, மடையைத்தான் சொல்கிறார்கள்.

நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. நின்றால் டெபாசிட் பணம் என் பென்ஷனில் இருந்து.

கடுமையாக எழுதிவிட்டேனோ? நீ டிவியில் வந்தால் வீட்டில் ஒருவரையும் வாய் திறக்க விடமாட்டேன், அத்தையைக் கேள். அந்த நீலச் சட்டை உனக்கு எடுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, அத்தை அயிரைக் குழம்பு வைக்கிறாளாம். சாயங்காலம் சமணர் மலை அடியில், தாமரைக் குளத்துப் படியில் உட்காருவோம். நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமா