ஆரிஜின் என்னும் முகவரி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இயற்றிய கிட் என்னும் பதிப்புக் காவல் முறையில், நம் கணினிப் பிரதியே முழுச் சரித்திரமும் உடையது. 'ஆரிஜின்' என்பதோ தொலைவிலுள்ள களஞ்சியத்தின் முகவரிக்கு இட்ட பெயர் மாத்திரமே. கிட்டோரியஸ் என்னும் களஞ்சிய நிலையம் 2015இல் மூடப்பட்டபோது, அன்பர் பலர் கையிலிருந்த பிரதிகள் அழியவில்லை; முகவரியே பாழாயிற்று. அடி அண்ணாமலையில் குடிமாறியவர்க்கு வரும் கடிதம் பழைய வாயிலில் நிற்பது போலவாம்.

அந்நிலையில் கோப்புறையை அழித்து மீளவும் இறக்குவதை யாம் ஒப்போம்; இன்னும் அனுப்பாத பதிவுகள் அதனோடு மாய்ந்துபோம். 'கிட் ரிமோட் -வி' என வினவிப் பழைய முகவரியைக் காண்க. பின் 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின்' என எழுதி, அதனையடுத்துப் புதியதை இடுக. பழம் பதிவுகளுள் ஓர் எழுத்தும் மாறாது. முகவரி சரியாயிருந்தும் வாயில் திறவாதாயின், கிட்ஹப் 2021 ஆகஸ்டு 13 முதல் இப்பணிக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதை நினைக. அங்கே எஸ்எஸ்எச் திறவுகோல் முதலியன வேண்டும்.