பிரட்டுக்குப் போகும் முன் மாட்டின் முரசைப் பார்

தங்கச்சி, மாடு வாங்கியதும் எல்லோரும் மடியைத்தான் பார்ப்பார்கள். நீ வாயையும் பார். காலையில் பால் கறந்து முடித்துப் பேர் பதிகிற பிரட்டுக்கு ஓடுவதற்குள் அரை நிமிடம் கிடைத்தால் போதும். உதட்டை விலக்கி முரசின், அதுதான் ஈறின், நிறத்தைப் பார்க்கப் பழகிவிட்டால், மாடு படுத்த பிறகு தெரிய வருகிற நோய் பல நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடும். வட்டவளை லோனக் பக்கம் பெரிய பால் பண்ணை இருக்கலாம். நம் லயத்துக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை மாட்டுக்கு நம் கண்தான் முதல் வைத்தியர்.

மாட்டின் உடம்பு முழுக்க மயிரும் தடித்த தோலுமாக மூடியிருக்கிறது. முரசில் மயிரே கிடையாது. மெல்லிய சவ்வுக்கு அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடப்பதால், உள்ளே ஓடும் இரத்தத்தின் நிறம் அப்படியே வெளியே தெரியும். உடம்பில் இரத்தம் குறைந்தால் மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதலில் போகும். முரசு மாதிரி ஓரத்தில் இருக்கிற இடங்களுக்கு வரத்து சுருங்கிவிடும். விரலால் முரசை அழுத்திவிட்டு எடு. வெளுத்த இடம் சுமார் இரண்டு நொடியில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மிகவும் தாமதித்தால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடு, நாளைக்குத் தள்ளாதே.

முதல் தடவை பார்க்கும்போது ஒன்றுக்குப் பயப்படாதே: மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. விழவில்லை, விற்றவர் ஏமாற்றவும் இல்லை. அந்த இடத்தில் முரசே தடித்து, இறுகி, ஒரு திண்டு போல இருக்கும். ஆட்டுக்கும் இப்படித்தான். மாடு நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் இந்தத் திண்டுக்கும் நடுவில் பிடித்துத் தலையை ஆட்டி இழுக்கும். அதனால்தான் ஒட்ட மேய்ந்த கட்டைப் புல்லில் மாட்டுக்கு வயிறு நிறையாது. ஆடு உதட்டாலேயே பொறுக்கிச் சமாளித்துவிடும். கீழே இருக்கிற எட்டு முன்பற்களும் தொட்டால் இலேசாக ஆடும். திண்டைக் குத்தாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பால் பல் விழுந்து முதல் ஜோடிப் பெரிய பல் ஏறக்குறைய இரண்டு வயதில் வரும். எட்டும் நிறைய நாலு வயதுக்குக் கிட்டவாகும். எட்டும் நிறைந்த மாட்டைக் கிடேரி என்று ஒருவர் விலை பேசினால், சிரித்துவிட்டு வந்துவிடு.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோ-3 புல்லை இப்போது பலர் நடுகிறார்கள். நல்ல புல்தான். முற்றவிட்டால் தண்டு மரக்குச்சி மாதிரி முரசைக் கிழிக்கும், அந்தக் காயம் வழியாகக் கிருமி போய்த் தாடை எலும்பே வீங்கிவிடும். இளசாக அறுத்து, நறுக்கிப் போடு.

நிறத்துக்கு வருவோம். இளஞ்சிவப்பு என்றால் நல்லது. சில மாட்டுக்கு முரசில் பிறவியிலேயே கறுப்புத் திட்டு இருக்கும். அந்த மாட்டின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்த்துக்கொள். முரசோ இமையோ வெளுத்திருந்தால் உண்ணியோ குடற்புழுவோ இரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்படு. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது, ஈரப் புல்லில் புழுவுக்குக் கொண்டாட்டம். ஓடையில் தண்ணீர் குடிக்கிற மாட்டின் மூக்குக்குள் அட்டை ஏறி உட்கார்ந்திருப்பதும் உண்டு. மூக்கில் இரத்தம் கசிந்தால் அதையும் பார்க்கச் சொல். முரசு மஞ்சளாகி, மூத்திரமும் கோப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அவசரம். ஒன்று மட்டும்: லயத்து மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா மாட்டுக்கும் மஞ்சள் காமாலைதான். வெளியே பகல் வெளிச்சத்தில் பார்.

ஆடு வளர்க்கிறவர்களுக்கு இமைதான் கணக்கு. தென்னாபிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சிட்ட பமாச்சா என்ற அட்டை செய்தார்கள். இமையின் உள்நிறத்தை அதோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் புழு மருந்து கொடுப்பார்கள். எல்லா ஆட்டுக்கும் சும்மா ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. மரவள்ளி இலையைத் தின்ற ஆடு மூச்சு வாங்கி, முரசு பளீரென்று சிவந்தால் அது ஆரோக்கியமில்லை, நஞ்சு. நிமிடங்களில் உயிர் போகும். மரவள்ளிப் பாத்தியைச் சுற்றி வேலி போடு.

மாட்டின் திண்டிலும் முரசிலும் நாக்கிலும் கொப்புளம், வாயில் நூல் நூலாக எச்சில், நொண்டல், எல்லாம் சேர்ந்தால் கால்வாய் நோய். 2014இல் நாட்டின் பல மாவட்டங்களை அது ஆட்டிவைத்தது. மாட்டைத் தனியே கட்டி, வாளியைப் பக்கத்து லயத்துக்குக் கொடுக்காமல், அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல். தடுப்பூசி போட வருகிற நாளில் மாட்டை மேயவிட்டுவிட்டுத் தேட வைக்காதே.

நாய், பூனைக்கும் இதே சோதனைதான். நாலு மாதக் குட்டியின் முரசில் துளி இரத்தம் இருந்தால் பால் பல் விழுகிறது, விட்டுவிடு. ஆனால் காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் மட்டும் கொடுக்காதே. அதன் உடம்பால் அந்த மருந்தை முறிக்க முடியாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய் முரசு பழுப்பாகும், பிறகு பிழைப்பது கடினம். நாய்க்கும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். உள்ளூரில் முடியாததற்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக, இதை மறக்காதே. நாயோ மாடோ, தொண்டையில் எலும்பு சிக்கியது போல வாயைத் திறந்து எச்சில் வடித்து, குணமும் மாறியிருந்தால் முரசும் வேண்டாம், பல்லும் வேண்டாம், கையை உள்ளே விடாதே. விசர் நோயாக இருக்கலாம். எச்சில் காயத்தில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைய சம்பளப் பேர் போனாலும் பரவாயில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.