பேச முடிகிற வேகம்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ மறுபடி ஓடத் தொடங்கியதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். “பள்ளிக்கூடத்தில் 800 மீட்டர் ஓடினவள் சார் நான். இப்போது காவிரிப் பாலத்தில் பாதி தாண்டுவதற்குள் மூச்சு இரைக்கிறது. வெறுப்பாக இருக்கிறது” என்று எழுதியிருந்தாய். வெறுப்பு உன் ஓட்டத்தின் மேல் இல்லை. பதினாறு வயதில் நீ ஓடிய நேரத்தை இன்றும் துரத்துகிறாயே, அதில் வந்தது. அந்தக் கணக்கை விட்டுவிடு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடு. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். காரணத்தையும் கேட்டுக்கொள்.

பயிற்சியை விட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற ரத்தமும் குறையும். அதனால்தான் இரைக்கிறது. மறுபடி ஓடினால் முதலில் சீராவதும் இதுதான். சில வாரங்களில் மூச்சு பிடிபட்டுவிடும். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. எலும்பும் தசைநாண்களும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வந்துவிட்டதே என்று வேகம் எடுப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், குதிகால் பிடித்துக்கொள்ளும். “ஓட்டம் நமக்கு ஒத்துவரவில்லை” என்று அதோடு நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு ஒத்துவராதது அந்த அவசரம்தான்.

மெதுவாக ஓடுவது கையாலாகாதவர்களின் வேலை என்று நினைத்துவிடாதே. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் உன் 800 மீட்டரில்தான் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்துக்கு, வாரம் 100 மைல் வரை நெடுந்தூர ஓட்டத்தை அடித்தளமாகப் போட்டவர் லிடியார்டு. ஆக்லாந்தில் இதய நோய் வந்தவர்களையும் நடுத்தர வயதினரையும் மெல்லோட்டத்துக்கு அழைத்து வந்தவரும் அவரே. 1962 கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், அந்தக் கூட்டத்தோடு ஓடித் திணறினார். மாரடைப்பு கண்டு மீண்ட, எழுபது வயது தாண்டிய ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேச்சுக்கொடுத்தபடி கூடவே ஓடிவந்தாராம். ஊர் திரும்பிய பவர்மன், மெல்லோட்டத்தை அமெரிக்கா முழுக்கப் பரப்பினார்.

நம் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில், 3 நிமிடம் 00.25 விநாடியில் ஆசிய சாதனை படைத்த இந்திய அணியிலும் இருந்தார். அவருக்கு விநாடியின் நூறில் ஒரு பங்குகூடக் கணக்கு. உனக்கு வேண்டியது உடம்பு நலமும் மனசு நிறைவும். ஆகவே கடிகாரத்தைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துவிடு.

முறை இதுதான். செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் ஓடு. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் நடை. நிமிடத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டால் போதும். இது சுலபமாகிவிட்டால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்கு, பிறகு மூன்று. இரண்டு மூன்று மாதத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடுவாய். ஒரு முழு வாக்கியம் திக்காமல் பேச வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள். வரவில்லையென்றால் நட. கூச்சமே வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆற்றோரம் என்பதால் புழுக்கமும் உண்டு. வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிடு. திரும்பி வந்து உப்புப் போட்ட நீர்மோர் குடி. துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்துக்கொள். பாதுகாப்பும் ஆயிற்று, பேசி வேகம் பார்க்க ஆளும் ஆயிற்று.

தொடக்கத்தில் பாலம் வேண்டாம். வண்டிப் புகையும் இரைச்சலும் உன்னை அவசரப்படுத்தும். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் ஓடு. அதிகாலையில் வாசல் தெளித்த ஈரம் காய்ந்திருக்காது. கோலத்தை மிதிக்காமல் விலகி விலகி ஓடினாலே வேகம் தானாக மட்டுப்படும். தேர் திரும்புகிற முனைகளில் வீதி எவ்வளவு அகலம் என்பது ஓடும்போதுதான் தெரியும். ஐப்பசி மாதம் ஒரு நாளாவது அம்மா மண்டபம் சாலைப் பக்கம் வா. காவிரியில் எடுத்த திருமஞ்சன நீர் தங்கக் குடத்தில், யானை மேல் கோயிலுக்குப் போகும். ஓரமாக நின்று, யானை போனபின் ஓடு. நின்றதால் பயிற்சி கெட்டுவிடாது. பார்க்கவும் ரசிக்கவும் மிச்சம் இருக்கிற வேகம்தான் உனக்குச் சரியான வேகம். ஓட்டம் பிடித்துப்போவதும் அந்த வேகத்தில்தான்.

ஓர் இலக்கும் தருகிறேன். பெரிய கோயிலின் ஏழு மதில்களின் நீளத்தையும் கூட்டினால் 32,592 அடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை, எத்தனை மாதம் பிடித்தாலும் சரி, வலியில்லாமல் பேசிக்கொண்டே ஓடி முடி. அதன்பிறகும் வேகம் வேண்டும் என்று தோன்றினால் அண்ணா விளையாட்டரங்குக்கு வா. விசிலோடு நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பி.டி. சார்