ஒளி எழுதிய தெருக்கள்

நுழையும்முன்

நகரத்தின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் எழுதப்படுவதில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் உழைப்பவர் பசியாறும் சிற்றுணவகங்களிலும் அது எழுதப்படுகிறது. கல்லில் வெட்டிய எழுத்தைக் காக்க நாம் கற்றுக்கொண்டோம். கண்ணாடிக் குழாயில் ஒளிர்ந்த எழுத்தை எவ்வாறு காப்பது? ஹாங்காங் நகரம் எதிர்கொண்டுள்ள இவ்வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

புதியது என்னும் பெயர்

சீனாவின் தென்கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்கமாக அமைந்த நகரம் ஹாங்காங். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கு மக்கள் பெருந்திரளாகக் குடியேறினர். தொழிலும் வணிகமும் பெருகின. குறுகிய தெருக்களில் கடைகள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. வழிச்செல்வோர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக வணிகர்கள் தம் பெயர்ப்பலகைகளைச் சுவரோடு நிறுத்தாமல் தெருவின்மேல் நீட்டித் தொங்கவிட்டனர். இரவில் அவை நியான் ஒளியால் சுடர்ந்தன.

நியான் என்பது காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள ஒரு வாயு. 1898ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ் ஆகிய அறிவியலாளர்கள் நீர்மமாக்கிய காற்றிலிருந்து அதனைப் பிரித்தறிந்தனர். ‘புதியது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். 1910இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் என்பவர் நியான் விளக்கை மக்களுக்குக் காட்டினார். புதியது என்று பெயர் பெற்ற அவ்வொளி, இன்று பழமையின் அடையாளமாக நினைக்கப்படுவது காலம் செய்த முரண்.

தூரிகையும் தீயும்

நியான் பலகை பலர் கைபட்டு உருவாவது. எழுத்துக்கலைஞர் தூரிகையால் கடையின் பெயரை எழுதித் தருவார். தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும்படி அவ்வெழுத்தின் கோடுகள் தடித்தும் உறுதியாகவும் அமையும். அது பலகையின் அளவுக்குப் பெரிதாக்கி வரையப்படும். பின்னர்க் கண்ணாடிக் கலைஞர் நீண்ட குழாயைத் தீச்சுடரில் காட்டி இளக்குவார். குழாய் நசுங்காதிருக்க அதன் ஒரு முனையில் பொருத்திய இரப்பர்க் குழல்வழி மெல்ல ஊதிக்கொண்டே, வரைபடத்தின் கோட்டுக்கு ஏற்ப வளைப்பார். இளகிய கண்ணாடி சில நொடிகளில் இறுகிவிடும். அதற்குள் கை முடிவெடுக்க வேண்டும்.

வளைத்த குழாயின் இரு முனைகளிலும் மின்வாய்கள் பொருத்தப்படும். உள்ளிருக்கும் காற்றை அகற்றி வாயுவை நிரப்பி, உயர் மின்னழுத்தம் செலுத்தினால் ஒளி பிறக்கும். நியான் செந்நிறமாக ஒளிரும். ஆர்கானும் பாதரச ஆவியும் சேர்ந்தால் நீலம் தோன்றும். குழாயின் உட்புறம் வேதிப்பொடிகளைப் பூசிப் பிற நிறங்களைப் பெறுவர். ஒரே பெயரை இருமுறை எழுதினாலும் இரண்டும் முழுதும் ஒன்றாக இரா. கைவினையின் இயல்பு அது.

எழுத்தறியார்க்கும் எழுத்து

இப்பலகைகள் சொல்லால் மட்டும் பேசவில்லை, உருவத்தாலும் பேசின. அடகுக்கடையின் அடையாளம், நாணயத்தைப் பற்றிய வௌவாலின் வடிவம். வெளியார்க்கு இது விந்தையாகத் தோன்றும். கான்டனிய மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையன. எனவே, வௌவால் அங்கு நல்வாழ்வின் குறியீடாயிற்று. மொழியின் ஒலிநயம் ஒன்று தெருவிளக்காக ஒளிர்ந்தது எனலாம். படிக்கத் தெரியாதவரும் அவ்வுருவைக் கண்டு கடையை அறிந்தனர்.

கோப்பையில் ஒரு நகரம்

இவ்வொளியின் கீழேதான் எளியோரின் உணவகங்கள் இயங்கின. அவற்றுள் புகழ்பெற்றது ‘சா சான் தெங்’ எனப்படும் தேநீர் உணவகம். மேலைநாட்டு உணவைக் குறைந்த விலையில், உள்ளூர்ச் சுவைக்கேற்ப மாற்றித் தந்த இடம் அது. தொழிலாளரும் மாணவரும் முதியோரும் அறிமுகமில்லாதவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பது அங்கு வழக்கம்.

அங்குப் பருகப்படும் பால்தேநீர் பெரும்பாலும் இலங்கைத் தேயிலையால் ஆனது. மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தோட்டங்களின் உழைப்பு, கடல் கடந்து அந்நகரத்தின் கோப்பைகளில் கலந்திருக்கிறது. தேநீரைத் துணிப்பையில் மீண்டும் மீண்டும் வடித்துக் கெட்டிப்பால் சேர்க்கும் அச்செய்முறை, 2017இல் ஹாங்காங்கின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றது.

> தெரிந்து தெளிவோம்
> தேநீரும் காப்பியும் கலந்த பானத்திற்கு ஹாங்காங்கில் ‘யுன்யெங்’ என்று பெயர். இணைபிரியாது வாழ்வதாகக் கருதப்படும் ஒருவகை வாத்து இணையின் பெயர் அது. நம் சங்க இலக்கியம் இணைபிரியாமைக்கு அன்றில் பறவையைக் காட்டுவதை இதனோடு ஒப்பிடலாம்.

ஒரு பசுவின் இடமாற்றம்

சாய் யிங் புன் என்னும் பகுதியில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓர் உணவகத்தின் வாயிலில், பசுவின் வடிவில் பெரிய நியான் பலகை ஒன்று 1977 முதல் தொங்கியது. அப்பகுதி மக்களுக்கு அது விளம்பரம் மட்டுமன்று. இடத்தைச் சொல்லும் அடையாளமும் ஆகும். உரிய ஒப்புதலின்றி அமைந்த கட்டுமானம் என்னும் காரணத்தால் 2015இல் அது இறக்கப்பட்டது. நகரின் ‘எம் பிளஸ்’ அருங்காட்சியகம் அதனைத் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது.

அதிகாரிகளின் நடவடிக்கையைப் பழமையின்மீதான பகை என்று கருதுதல் பொருந்தாது. ஹாங்காங் சூறாவளிகள் தாக்கும் நகரம். துருவேறிய இரும்புச் சட்டம் நடப்போர் தலைமீது விழுந்தால் உயிருக்கே இடர். அதனால் ஆயிரக்கணக்கான பலகைகள் அகற்றப்பட்டன. குறைந்த மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகளை வணிகர்களும் விரும்பினர். வாடகை உயர்வால் உணவகங்கள் பல மூடப்பட்டன. நியான் கலைஞர்கள் முதுமையடைந்தனர்; அவர்களிடம் தொழில் பயில வந்தோர் மிகச் சிலரே. ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமானது. எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது ஒரு கலையின் வாழ்வே கேள்விக்குறியானது.

காட்சியகமும் தெருவும்

அருங்காட்சியகத்தில் அப்பசு மழையிலும் காற்றிலும் சிதையாமல் இருக்கும். வருங்காலத் தலைமுறை அதனைக் காணும். இது பெரும்பேறு. ஆயினும், அது இனி எவர்க்கும் வழிகாட்டாது. பசித்தவரை உள்ளே அழைக்காது. பொருள் காக்கப்பட்டது, அதன் பணி முடிந்துவிட்டது.

ஆகவே, பாதுகாத்தல் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு. பொருளைக் காத்தல் முதல்நிலை. அதனை ஆக்கும் திறனை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் இரண்டாம் நிலை. அப்பொருள் இருந்த இடத்திலேயே, பாதுகாப்பான சட்டத்தோடு, தன் பணியைத் தொடரச் செய்தல் மூன்றாம் நிலை. முதல்நிலை எளிது, மூன்றாம் நிலை அரிது. பலகையைக் காட்சியகம் வாங்கிவிடலாம். உணவகத்தில் நாள்தோறும் உண்ண வரும் மக்களை எந்தக் காட்சியகமும் வாங்க இயலாது.

ஏக்கமும் பொறுப்பும்

பழையனவற்றை எண்ணி ஏங்கும் மனம் சிலவற்றை மறந்துவிடும். அடுப்பின் வெம்மையில் நெடுநேரம் நின்ற சமையலாளரின் களைப்பும், தீச்சுடரில் கை சுட்டுக்கொண்ட கலைஞரின் வலியும் ஒளிப்படங்களில் தெரிவதில்லை. எனவே, அழகை மட்டும் நினைவுகூர்வது முழுமையான நினைவாகாது.

எனினும், நினைவேக்கம் வெறும் பலவீனமன்று. எவரும் பெரிதாக மதிக்காத ஒன்று தம் வாழ்வைத் தாங்கி நின்றது என்பதை மக்கள் காலம் கடந்து உணர்வதே அவ்வேக்கம். அவ்வுணர்வு, பொருள் மறைந்தபின் தோன்றினால் இரங்கலாக முடியும். இருக்கும்போதே தோன்றினால் பொறுப்பாக மாறும். ஹாங்காங்கின் ஒளியெழுத்துகள் நமக்குக் கற்பிப்பது இதுவே.

கற்பவை கற்றபின்

1. அச்சிட்ட பதாகைகள் பெருகுவதற்குமுன், உங்கள் ஊரில் பெயர்ப்பலகைகளைத் தூரிகையால் எழுதிய ஓவியர் ஒருவரை நேர்கண்டு, அவர்தம் தொழில் அனுபவங்களைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் ஊரில் பல ஆண்டுகளாக இயங்கும் சிற்றுணவகம் ஒன்றின் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.
3. ‘பழைய பலகைகளை அகற்றுவது பாதுகாப்பே, பண்பாட்டு இழப்பன்று’ என்னும் பொருளில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.