வினையூக்கி மாற்றியில் புகையின் ஓட்டம்: கணிப்பொறி காட்டும் வழி

சேலத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கொச்சி நகரின் இடப்பள்ளியில் முடிவடைகிறது. பன்வேலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 66-ஆம் எண் நெடுஞ்சாலையும் இவ்விடம் வழியாகவே செல்கிறது. 2016-இல் மேம்பாலமும், 2017-இல் மெட்ரோ இரயிலும் வந்த பின்னரும், இங்கு விளக்குக்காகக் காத்து நிற்கும் வண்டிகளின் வரிசை நீளமானதே. நிற்கும் வண்டியும் புகை விடுகிறது. அப்புகையைச் சுவாசிப்போருக்கும் நோய்க்கும் இடையே நிற்பது, வண்டியின் அடியில் பொருத்தப்பட்ட ஓர் எஃகுப் பேழையாகும். அதுவே வினையூக்கி மாற்றி. அதன் உள்ளே புகை எவ்வாறு ஓடுகிறது, அவ்வோட்டத்தைக் கணிப்பொறி வாயிலாக எவ்வாறு அறிகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் எரிபொருளும்

1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலவாத பெட்ரோலும் அப்போதே அந்நகரங்களில் விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்துவிடும். வெளியூர் செல்லும் கார் ஒன்று வழியில் ஈயம் கலந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டால், விலை உயர்ந்த அக்கருவி வீணாகும். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்பட்டதும் இந்த இடர்ப்பாடு நீங்கியது.

பாரத் 4 நெறிமுறை 2017 ஏப்ரலில் நாடெங்கும் பரவியது. அடுத்த படியைத் தாண்டி, 2020 ஏப்ரலில் பாரத் 6 நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கொச்சிக்கு அருகே அம்பலமுகளில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் இத்தரத்துக்கு ஏற்ப விரிவாக்கப்பட்டு, 2019 சனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பேழையின் உள்ளே

பேழைக்குள் தேன்கூட்டைப் போன்ற பீங்கான் கட்டி ஒன்று உள்ளது. அதில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 நுண்துளைகள் இருப்பது வழக்கம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டியில் ஏறத்தாழ 4,800 துளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். துளைச் சுவர்களில் அலுமினா பூசப்பட்டு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிகச் சிறு அளவில் தூவப்பட்டிருக்கும்.

இங்கு மூன்று வேலைகள் நடைபெறுகின்றன. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகிறது. எரியாத ஹைட்ரோகார்பன்கள் கார்பன் டைஆக்சைடும் நீராவியுமாகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆக்சிஜனை இழந்து நைட்ரஜனாகின்றன. இவை மூன்றும் ஒருங்கே நிகழவேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் காக்கப்படவேண்டும். வெப்பநிலையும் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கவேண்டும்.

ஓட்டத்தின் சிக்கல்

எஞ்சினிலிருந்து வரும் குழாய் குறுகியது, கட்டியோ அகன்றது. இவ்விரண்டையும் ஒரு கூம்பு இணைக்கிறது. கூம்பு திடீரென விரிந்தால், புகை அதன் சுவரை விட்டு விலகி நடுவே பாய்கிறது. ஓரங்களில் சுழல்கள் உண்டாகின்றன. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம்.

கட்டியின் முகத்தைச் சம பரப்புள்ள நான்கு வளையங்களாகப் பிரித்துக்கொள்வோம். நடுவிலிருந்து ஓரம் வரை புகையின் வேகம் வினாடிக்கு 16, 12, 8, 4 மீட்டர் என்று இருப்பதாகக் கொள்வோம். சராசரி 10 மீட்டர். ஒவ்வொரு வளையத்தின் வேகமும் சராசரியிலிருந்து விலகும் அளவுகள் 6, 2, 2, 6, கூடுதல் 16. இதனைச் சராசரி வேகம், வளையங்களின் எண்ணிக்கை, இரண்டு ஆகியவற்றின் பெருக்கலாகிய 80-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.80 கிடைக்கிறது. இதுவே சீர்மைக் குறியெண். வேகங்கள் 11, 10, 10, 9 ஆனால் குறியெண் 0.975 ஆக உயரும். முழுச் சீரான ஓட்டத்துக்கு இதன் மதிப்பு 1.

முதல் நிலையில், 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டியின் நடுத்துளையைப் புகை 0.0075 வினாடியில் கடந்துவிடுகிறது, ஓரத்துளையில் 0.03 வினாடி தங்குகிறது. நடுவில் வினை முடிவதற்குப் போதிய நேரம் இல்லை. அங்குள்ள வினையூக்கி விரைவில் தளர்ந்தும் விடுகிறது. ஓரத்தில் உள்ள உலோகமோ முழுமையாகப் பயன்படுவதில்லை. இவ்வுலோகங்களைப் பெரிதும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது இருவகையிலும் இழப்பாகும்.

கணிப்பொறியின் பணி

கூம்பினைப் பலமுறை செய்து, சோதித்து, திருத்துவதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். ஆகவே பேழையின் வடிவம் முதலில் கணிப்பொறியில் வரையப்படுகிறது. அதன் உள்வெளி இலட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பகுக்கப்படுகிறது. நுழையும் புகையின் அளவு, வெப்பநிலை, வெளிவாயின் அழுத்தம் ஆகியன கொடுக்கப்படுகின்றன. நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழியாமை விதிகளை ஒவ்வோர் அறைக்கும் சமன்பாடுகளாக எழுதி, விடைகள் நிலைபெறும் வரை கணிப்பொறி திரும்பத் திரும்பத் தீர்க்கிறது.

ஆயிரக்கணக்கான துளைகளைத் தனித்தனியே பகுத்தால் கணக்கு பெருகிவிடும். அதற்கு இயற்கையே ஒரு சலுகை தருகிறது. கூம்பில் ஓட்டம் கொந்தளிப்பானது. ஆனால் 400 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் புகைக்கு, துளைக்குள் ரெனால்ட்ஸ் எண் 200-க்கும் குறைவே. கொந்தளிப்பு தோன்ற அது 2,000-ஐத் தாண்டவேண்டும். எனவே துளைகளுக்குள் ஓட்டம் அமைதியானது. அங்கு அழுத்த இழப்பு வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. மேற்கண்ட அளவுகளுக்கு அது சுமார் 900 பாஸ்கல். இந்த எளிய விதியைக் கொண்டு, கட்டி முழுவதையும் ஒரே திசையில் மட்டும் புகையை விடும் நுண்துளைப் பொருளாகக் கணக்கில் கொள்கிறார்கள்.

எதிரெதிர்த் தேவைகள்

வண்டி கிளம்பிய முதல் சில நிமிடங்களில் கட்டி குளிர்ந்திருப்பதால், நச்சு வாயுக்கள் பெருமளவு மாறாமலே வெளியேறுகின்றன. நகருக்குள் குறைந்த தொலைவு சென்று திரும்பும் வண்டிகளில் இக்குறை மிகுதி. மாற்றியை எஞ்சினுக்கு மிக அருகில் வைத்தால் அது விரைவில் சூடேறும். ஆனால் அங்கே நீண்ட கூம்புக்கு இடமில்லை. ஓட்டத்தின் சீர்மை குலைகிறது. துளைகளை நுண்மையாக்கினால் வினைப்பரப்பு கூடும். எதிரழுத்தமும் கூடி எரிபொருள் செலவு உயரும். இவற்றுக்கு இடையே பொருத்தமான வடிவத்தைத் தேர்வதற்கே கணிப்பொறி பெரிதும் துணைபுரிகிறது. 2004-இல் கட்டணமின்றிப் பொதுவில் வெளியிடப்பட்ட ஓப்பன்ஃபோம் போன்ற நிரல்கள், இத்தகைய பயிற்சியைப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் எட்டச் செய்துள்ளன.

கணக்கின் எல்லை

கொடுத்த விவரம் பிழையானால் விடையும் பிழையே. ஆகவே கட்டியின் பின்புறம் வேகத்தை அளந்து, கணித்த குறியெண்ணுடன் ஒப்பிடுவது இன்றியமையாதது. ஓட்டம் சீராக இருப்பது மட்டும் புகை தூய்மையானதற்குச் சான்றாகாது. வினைகளின் வேகத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணித்தல் வேண்டும். கலப்பட எரிபொருளையோ, உள்கட்டி அகற்றப்பட்ட பேழையையோ வடிவமைப்பாளரின் கணக்கு அறியாது. இதனாலேயே ஆய்வகச் சோதனையுடன் நில்லாமல், ஓடும் சாலையிலேயே புகையை அளக்கும் விதி 2023 ஏப்ரல் முதல் கார்களுக்கு நடைமுறைக்கு வந்தது.

நல்ல வடிவமைப்பு, தூய எரிபொருள், நேர்மையான பராமரிப்பு, தளராத கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒன்றுசேரவேண்டும். இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே கணிப்பொறி உதவ இயலும். ஏனைய மூன்றும் நிறைவேறும்போதுதான், இடப்பள்ளிச் சந்திப்பில் பேருந்துக்காக நிற்கும் பள்ளிச் சிறுவன் அவ்வுதவியின் பயனைத் தன் மூச்சில் பெறுவான்.