பாடம் 5: சூறாவளியும் நமது மாரி மழையும்

நீண்ட காலத்தின் பின்னர் சல்லிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு மூன்று கேள்விகள் முக்கியமானவை. வீட்டை எங்கே அமைப்பது? கிணற்று நீர் எத்தனை மாதம் நிற்கும்? வெள்ளம் எதுவரை வரும்? இவற்றுக்கு விடை காண நமது மழையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும்.

நமக்கு மழை எப்போது கிடைக்கிறது?

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தனது மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, நம்மிடம் வரண்ட கச்சானாகவே வந்து சேர்கிறது. திருகோணமலையின் ஆண்டு மழை சராசரியாக 1,500 முதல் 1,600 மி.மீ. வரை ஆகும். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் பெய்துவிடுகிறது. இந்த மாதங்களில் பெய்யத் தவறினால் அடுத்த ஆடியில் கிணறு வற்றும்.

தாழமுக்கத்தின் பங்கு

மாரி மழையை வாடைக்காற்று மட்டும் கொண்டுவருவதில்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. சூடான கடலிலிருந்து எழும் நீராவியே இவற்றின் எரிபொருள். சில தாழமுக்கங்கள் வலுப்பெற்றுச் சூறாவளியாகின்றன.

ஒரு தாழமுக்கம் நமது கரைக்கு அருகே தங்கினால் பல நாள் மழை சில நாட்களிலேயே பெய்துவிடும். அதுவே விலகி வடக்கே சென்றால், ஈரக்காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அப்போது கார்த்திகையிலும் நமக்கு வெயில் எறிக்கும். ஆகவே ஒரு வருடத்தின் மழை கூடுவதும் குறைவதும் இரண்டு மூன்று தாழமுக்கங்கள் செல்லும் பாதையில் பெரிதும் தங்கியுள்ளது.

கடந்த காலம் சொல்வது

• 1964 டிசம்பர்: கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளி வவுனியாப் பக்கமாகக் கடந்து, தனுஷ்கோடியை அழித்தது.
• 1978 நவம்பர் 23: மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது.
• 2000 டிசம்பர் 26: திருகோணமலைக்கு அருகே ஒரு சூறாவளி கரை கடந்தது.
• 2011 ஜனவரி: சூறாவளி எதுவும் இல்லாமலே தொடர்மழையால் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியது.
• 2020 டிசம்பர் 2: ‘புரெவி’ திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தது.

இவற்றுக்கிடையே ஒழுங்கான இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். “இருபது வருடமாக வரவில்லை, இனி வராது” என்று எண்ண வேண்டாம்.

மழையின் போக்கு மாறுகிறதா?

ஒரு வருட மழையை வைத்து முடிவு செய்ய முடியாது. வானிலை அறிஞர்கள் 30 வருடச் சராசரியை வைத்தே ஒப்பிடுகின்றனர். ‘எல் நினோ’ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கூடுவது வழக்கம். ‘லா நினா’ காலத்தில் தை மாத மழை கூடக்கூடும். 2011 அப்படிப்பட்ட காலமே.

இன்னொரு மாற்றமும் உண்டு. காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கனமாகப் பெய்யும் வாய்ப்பு அதிகம். நீங்கள் இடம்பெயர்வதற்கு முன் வெள்ளம் நின்ற இடத்தை மட்டும் எல்லையாகக் கொள்ளாதீர்கள்.

காற்றின் திசையை அறிந்துகொள்ளுங்கள்

நமது பகுதியில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் மையம் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று கடலிலிருந்து வீசி நீரைக் கரைக்குத் தள்ளும். கரையோரத்தில் இருப்போருக்கு இதுவே கூடிய ஆபத்து. மையம் நேரே நம்மேல் வந்தால் காற்று திடீரென ஓயும். அப்போது வள்ளத்தைப் பார்க்கக் கரைக்கு ஓட வேண்டாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பலமாக வீசும்.

இப்போது செய்யக்கூடியவை

1. வீட்டுக்கு அத்திவாரம் போடுமுன் ஊரில் தங்கியிருந்த மூத்தவர்களிடம் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கேளுங்கள். அதைவிட உயர்த்திக் கட்டுங்கள்.
2. கிணற்றுக்கட்டை உயர்த்துங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பின்னரே குடியுங்கள்.
3. கூரை நீரைச் சேமியுங்கள். 30 சதுர மீற்றர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 3,000 லீற்றர் நீர் விழும்.
4. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத பையில் வையுங்கள்.
5. வெள்ளம் வெடிபொருட்களை இடம்மாற்றக்கூடும். அறிமுகமற்ற பொருளைத் தொடாமல் உடனே அறிவியுங்கள்.
6. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையை வானொலியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

நேரான பக்கங்கள் கொண்ட வெற்றுத் தகரப்பேணி ஒன்றை முற்றத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் காலையில் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மி.மீ. அளவில் அளந்து, ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதிவிட்டு நீரை ஊற்றிவிடுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். சில வருடங்களில் அந்தக் கொப்பி, உங்கள் வளவின் மழையைப் பற்றி வேறெவரும் சொல்ல முடியாததைச் சொல்லும்.