பேக்கப் எதற்கு? 'டாக்டர் ஹூ' சொல்லும் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் பேக்கப் எடுப்பதைத் தள்ளிப் போடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு டிவி தொடரின் கதை.

பிபிசி 1963 நவம்பர் 23-ல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அந்நாளில் வீடியோ டேப்பின் விலை அதிகம். எனவே ஒளிபரப்பு முடிந்ததும் டேப்பை அழித்து, வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். பிலிம் பிரதிகள் பலவும் தூக்கி எறியப்பட்டன. 1960-களின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவை இன்றும் இல்லை.

'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையின் 6 எபிசோடுகளில் 3-வது மட்டுமே எஞ்சியிருந்தது. அதை வைத்துச் சுமாரான கதை என்றே ரசிகர்கள் பேசினார்கள். மற்ற 5-ம் நைஜீரியாவில் கிடைத்து, 2013-ல் வெளிவந்தன. முழுதாகப் பார்த்த பிறகு, நாயகன், வில்லன் என இரு வேடங்களில் நடித்த பேட்ரிக் ட்ராட்டனைப் பாராட்டினார்கள். காணாமல் போன எபிசோடுகளின் ஒலி இன்று இருப்பதும், ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்ததால்தான்.

உங்கள் குடும்பப் போட்டோக்களுக்கும் இதே விதிதான்.

1. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இணையுங்கள்.
2. போட்டோ போல்டரைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி அழுத்துங்கள்.
3. புதிய டிஸ்க்கைத் திறந்து, கண்ட்ரோல் + வி அழுத்துங்கள்.
4. காப்பியான படங்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள்.

அதே ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு போல்டரில் வைத்தால் அது பேக்கப் ஆகாது. டிஸ்க் பழுதானால் இரண்டும் போய்விடும். இன்னொரு காப்பியை உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள்.